படகு என்ஜினுக்கும் ஒரு பங்கு



நெல்லுக்கு மேலுரம் எப்போது, கரும்புக்கு மண் அணைப்பது எப்போது என்று பேசுகிற இடத்தில் படகு என்ஜினுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் அபிஷேகப்பாக்கத்திலிருந்து கிழக்கே போய், தவளக்குப்பம் கூட்டு ரோட்டைத் தாண்டினால் நல்லவாடு வந்துவிடுகிறது. சைக்கிளில் மிதித்துப் போகிற தூரம். இந்தப் பக்கம் நெல், கரும்பு, சவுக்கு. அந்தப் பக்கம் வலை, படகு, என்ஜின். இங்கே டிராக்டரும் பவர் டில்லரும் வைத்திருப்பவர்கள் படுகிற பாட்டைத்தான் அங்கே படகு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் அதிகமாகப் படுகிறார்கள். உப்புத் தண்ணீர் கூடச் சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் ஆயில் என்ஜின் பிட்டராகத் தொழில் கற்றவன். கிணற்று மேட்டில் ஐந்து குதிரை சக்தி என்ஜின் ‘டுக் டுக்’ என்று ஓடித் தண்ணீர் இறைத்த காலத்தில் ராத்திரி பகல் பாராமல் ஆள் வந்து கூப்பிடுவார்கள். பிறகு கரண்டு மோட்டார் வந்தது. என் பட்டறையில் வேலை குறைந்தது. அந்தச் சமயத்தில்தான் கடற்கரைக்காரர்கள் டெம்போவில் படகு என்ஜினை ஏற்றிக்கொண்டு என்னிடம் வர ஆரம்பித்தார்கள். நானும் என்ஜின் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டு வாங்கிப் போட்டேன். அந்த நினைப்பு எவ்வளவு தப்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். செலவுக் கணக்கு அதற்குப் பிறகு.

ஒரு நாள் ஒரு படகுக்காரர் வந்தார். பெட்ரோலில் ஓடும் அவுட்போர்டு என்ஜின். முறையான சர்வீஸ் செய்கிற இடத்தில் கேட்ட தொகை அவருக்கு மலைப்பாக இருந்திருக்கிறது. “மேஸ்திரி, அவங்க கேக்கற காசுக்கு அரை வலை வாங்கிடலாம். நீங்களே பாத்து செஞ்சி குடுங்க. நாளைக்கி ராத்திரி கடலுக்குப் போவணும்” என்றார். நான் பிளக்கை மாற்றினேன், கார்பரேட்டரைக் கழுவினேன், கியர் ஆயில் மாற்றினேன். தண்ணீர் பம்பைத் திறந்து பார்த்தேன். உள்ளே ரப்பர் இதழ் வைத்த ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், இம்பெல்லர் என்பார்கள். அதன் இதழ்கள் விறைத்துப்போய், ஒரு பக்கமாகப் படிந்து கிடந்தன. புதுசு வேண்டுமென்றால் சொல்லி வரவழைக்க இரண்டு நாள் ஆகும். அவருக்கோ அவசரம். இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று பழையதையே துடைத்துப் போட்டு மூடினேன்.

பன்னிரண்டாம் நாள் நடுக்கடலில் என்ஜின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. அவர், அவருடைய மகன், இன்னொரு ஆள், மூன்று பேரும் ராத்திரி முழுக்க அலையில் மிதந்தார்கள். காலையில் வேறொரு படகு பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்தது. உயிருக்குச் சேதம் இல்லை. ஆனால் பிஸ்டன், ரிங், சிலிண்டர் வேலை, இரண்டு வாரம் தொழில் இல்லாமல் கரையில் உட்கார்ந்தது, எல்லாவற்றையும் கூட்டினால், நான் மாற்றாமல் விட்ட ரப்பர் சக்கரத்தின் விலை அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “எல்லாம் சரி மேஸ்திரி, அப்பப்போ சர்வீஸ் பண்ணணும்னு சொல்றீங்க. அதுக்குக் காசு எங்கேர்ந்து எடுக்கறது?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

கடற்கரையில் மீன் விற்ற பணத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் தெரியுமா? முதலில் எண்ணெய்ச் செலவு, ஐஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு கழியும். மிச்சத்தைப் பங்கு போடுவார்கள். கடலுக்குப் போன ஆளுக்கு ஒரு பங்கு. அதோடு படகு, வலை, என்ஜின் என்று பொருளுக்கும் பங்கு உண்டு. எத்தனை பங்கு, எப்படிப் பிரிப்பது என்பது ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். ஆனால் பொருளுக்குப் பங்கு என்பது எங்கும் உண்டு. அதை வாங்கிக்கொள்வது படகுக்காரர். என்ஜின் ரிப்பேர் ஆனால் செலவழிப்பதும் அவர்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். என்ஜினுக்கென்று ஒரு பங்கு வருகிறது. அது யாருடைய பணம்? என்ஜினுடைய பணம். அதை வாங்கி அரிசி வாங்கினோம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டினோம், கல்யாணத்துக்கு மொய் வைத்தோம் என்றால், விதைநெல்லைக் குத்திச் சோறாக்கியது மாதிரிதான். உழவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. கஷ்டகாலத்தில் விதைநெல்லில் கை வைக்கிறவர்கள் உண்டு, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது விதைநெல் என்று தெரிந்துதான் கை வைப்பார்கள். படகுக்காரரில் பலபேருக்கு அது விதைநெல் என்பதே தெரியாமல் கையை விட்டுப் போய்விடுகிறது. சர்வீஸ் பில் வரும்போது அது புதிய செலவு மாதிரித் தெரிகிறது. உண்மையில் அது முன்பே வாங்கிச் செலவழித்துவிட்ட பணத்தின் கணக்கு.

எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? இதற்கு என்ஜின் ஓடுகிற மணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாதக் கணக்கு உதவாது. புயல், காற்று, திருவிழா, நல்லது கெட்டது எல்லாம் போக வருஷத்தில் 200 நாள் ஒரு படகு கடலுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர, வலை விட எடுக்க, ஒரு நாளைக்கு 4 மணி நேரம் என்ஜின் ஓடுகிறது. ஆக வருஷத்துக்கு 800 மணி. இது பெரிய கணக்கு இல்லையே என்று தோன்றும். இதையே மோட்டார் சைக்கிளில் வைத்துப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 800 மணி ஓட்டினால் 32,000 கிலோமீட்டர். வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் என்ஜினைப் பிரிக்கிறவர், 32,000 கிலோமீட்டர் ஆயிலும் மாற்றாமல், பிளக்கும் பார்க்காமல் வண்டி ஓட்டுகிறவருக்குச் சமம். வண்டியில் யாராவது அப்படிச் செய்வோமா? அதுவும் வண்டி நின்றுபோனால் இறங்கித் தள்ளலாம். படகு நின்றால் எங்கே இறங்குவது?

அவுட்போர்டு என்ஜின் புத்தகங்களில் பெரும்பாலும் 100 மணிக்கு ஒரு முறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எது முந்துகிறதோ அப்போது சர்வீஸ் என்றுதான் போட்டிருக்கும். உல்லாசத்துக்குப் படகு ஓட்டுகிறவர்களுக்கு ஆறு மாதம் முந்தும். நம் ஆட்களுக்கு 100 மணிதான் முந்தும். மேலே சொன்ன கணக்குப்படி 25 நாள் கடலுக்குப் போனால் 100 மணி ஆகிவிட்டது. வருஷத்துக்கு எட்டு சர்வீஸ். எட்டா என்று பயப்பட வேண்டாம். அதில் பெரும்பங்கு உங்கள் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய வேலை. எது என்று பின்னால் சொல்கிறேன்.

பணக் கணக்கை முடித்துவிடுவோம். போன வருஷம் என்ஜினுக்குச் செலவான எல்லாவற்றையும் எழுதுங்கள். மெக்கானிக் கூலி, உதிரிப் பாகம், ஆயில், கிரீஸ், டெம்போ வாடகை, டீச் செலவு உட்பட. கூட்டி வந்ததை ஓடிய மணியால் வகுங்கள். கணக்குச் சொல்லித் தருவதற்காக ஒரு தொகை வைத்துக்கொள்கிறேன். இதுதான் விலை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வருஷச் செலவு 40,000 ரூபாய், ஓடியது 800 மணி என்றால், மணிக்கு 50 ரூபாய். ஒரு நாளைக்கு 4 மணி ஓடினால் 200 ரூபாய். கரைக்கு வந்து பங்கு பிரித்த அன்றே இந்த 200 தனியாகப் போய்விட வேண்டும். மீன் பட்டாலும் படாவிட்டாலும் என்ஜின் ஓடியிருக்கிறது. ஆகவே பாடு இல்லாத நாளுக்கும் சேர்த்து, பாடு நன்றாக உள்ள நாளில் எடுத்து வைத்துவிட வேண்டும். புது என்ஜின் வாங்கவும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள், என்ஜின் விலையை அது உழைக்கும் மொத்த மணியால் வகுத்து அதையும் கூட்டிக்கொள்ளலாம். அது இரண்டாம் படி. முதல் படியை ஏறினாலே போதும்.

கேள்வி கேட்ட அந்தப் படகுக்காரர் வீட்டில் என்ன செய்தார்கள் என்றால், அவருடைய சம்சாரம் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து ‘என்ஜின்’ என்று எழுதி வைத்துவிட்டது. மீன் விற்று வந்த கையோடு அந்த அம்மாதான் அதில் பணம் போடும். பையன் நோட்டில் மணி எழுதுவான். வீட்டுக்காரர் கேட்டாலும் டின்னைத் திறக்கிறதில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு தடவை நானே அவசரத்துக்குக் கைமாற்று கேட்டேன். “அது என்ஜின் காசு மேஸ்திரி” என்று சொல்லிவிட்டது.

இனி, பில்லில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். பலரும் மெக்கானிக் கூலியைத்தான் கண்ணில் வைக்கிறார்கள். கூலி என்பது வெளியே தெரிகிற செலவு. உதிரிப் பாகம், ஏற்றிப்போகிற வாடகை, காத்திருக்கிற நாள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் கூலியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். கூலியில் நூறு குறைக்கப் பேரம் பேசி, அதற்காக இரண்டு நாள் கரையில் உட்கார்ந்தால் யாருக்கு லாபம்? உதிரிப் பாகத்தில் அசலும் போலியும் பக்கத்துப் பக்கத்தில் விற்கிறார்கள். வெளிக் கவசம், கைப்பிடி மாதிரிச் சாமான்களில் மலிவானதைப் போட்டுக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஆயில் சீல், இம்பெல்லர், பேரிங், பிஸ்டன் ரிங் ஆகியவற்றில் மலிவு பார்க்கக் கூடாது. மாற்றிய பழைய சாமானை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வாருங்கள். நல்ல மெக்கானிக் கேட்காமலே கொடுப்பார். சாமானுக்கு ரசீது கேளுங்கள். கூலியைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டியதில்லை.

உங்கள் கையால் செய்ய வேண்டியதில் முதலாவது, காசே இல்லாத வைத்தியம்: நல்ல தண்ணீர். அவுட்போர்டு என்ஜின் கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர வைத்துக்கொள்கிறது. கரைக்கு வந்து நிறுத்தியதும் உள்ளே தங்கிய தண்ணீர் காய்ந்து உப்பாகப் படியும். நாளாக ஆக வழி அடைபடும், என்ஜின் சூடேறும். ஆகவே ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, என்ஜினின் கீழ்க்காலை அதில் இறக்கி, மெதுவான ஓட்டத்தில் சில நிமிடம் ஓட விடுங்கள். காற்றாடி சுற்றாதபடி நியூட்ரலில் இருக்க வேண்டும். கை, துணி பக்கத்தில் போகக் கூடாது. தண்ணீர் இல்லாமல் மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். சில நொடி வறண்டு ஓடினாலே அந்த ரப்பர் சக்கரம் தேய்ந்து கருகும்.

என்ஜின் ஓடும்போது பின்பக்கம் ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். அது என்ஜினின் நாடி. வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி, கிளம்பியதும் ஒரு தடவை, நடுவில் சில தடவை அதைத் திரும்பிப் பாருங்கள். பீய்ச்சல் மெலிந்தால் உடனே நிறுத்திவிட்டு, தண்ணீர் உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பையோ பாசியோ ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்து முகத்துவாரங்களில் மணல் மேடிட்டுவிடுகிறது. ஆரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் படகு தரைதட்டுகிற செய்தி அடிக்கடி வருகிறதல்லவா? அந்த இடத்தில் ஆழம் இல்லாமல் என்ஜினை முறுக்கினால் அது தண்ணீரோடு மணலையும் சேர்த்துக் குடிக்கிறது. மணலைக் குடித்த இம்பெல்லர் புத்தகத்தில் போட்ட காலம் வரை உழைக்காது. அப்படிப்பட்ட துறையில் தொழில் செய்கிறவர்கள் அதைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, கியர் ஆயில். கீழ்க்காலின் அடித்திருகைத் தளர்த்தினால் ஆயில் வடியும். தேன் மாதிரியோ கருப்பாகவோ வந்தால் மாற்றிவிட்டுப் போகலாம். மோர் மாதிரி வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. சீல் போய்விட்டது என்று அர்த்தம். அங்கே உங்கள் வேலை முடிந்தது, மெக்கானிக் வேலை ஆரம்பம். வெளுத்த ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றி ஓட்டினால் என்ன என்று கேட்பார்கள். ஊற்றலாம், பத்து நாளில் அதுவும் மோர் ஆகும். பிறகு சீலோடு பேரிங்கும் பல்சக்கரமும் சேர்ந்து பில்லில் ஏறும்.

மூன்றாவது, எண்ணெய்க் கலவை. டூ ஸ்டிரோக் என்ஜினுக்குப் பெட்ரோலில் ஆயில் கலக்கிறோம். பல என்ஜின்களுக்கு 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. உங்கள் என்ஜின் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம். கண் அளவில் ஊற்றுகிற பழக்கத்தை விடுங்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும். கூடினால் பிளக் கரியடையும். மோட்டார் சைக்கிளுக்கு விற்கிற ஆயில் வேறு. தண்ணீரில் குளிரும் அவுட்போர்டுக்கு உரிய ஆயில் டப்பாவில் டி.சி.டபிள்யூ.3 என்று அச்சிட்டிருக்கும். இன்னொரு விஷயமும் இப்போது சேர்ந்திருக்கிறது. பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதிகம் இழுத்துவிட்டால் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகத் தங்கிவிடும். கடற்கரை ஈரக் காற்றில் பாதி டேங்க் பெட்ரோலை வாரக்கணக்கில் வைத்திருந்து அப்படியே ஓட்டக் கூடாது. தண்ணீர் பிரிக்கிற பில்டரைப் போட்டு, அதை அடிக்கடி கழற்றிப் பாருங்கள். நீண்ட நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கார்பரேட்டரில் உள்ளதையும் வடித்துவிட வேண்டும்.

டீசலில் ஓடும் லாங்டெயில் என்ஜின், நீண்ட தண்டின் முனையில் காற்றாடி வைத்தது, நமக்குப் பழக்கமான பம்பு செட் என்ஜினுக்கு ஒன்றுவிட்ட தம்பி. காற்றில் குளிரும் வகை என்றால் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் உப்பும் எண்ணெய் அழுக்கும் படியாமல் துடைக்க வேண்டும். ஏர் கிளீனர், டீசல் பில்டர், என்ஜின் ஆயில் மூன்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இன்ஜெக்டரைச் சோதிப்பது, எரிபொருள் பம்பில் கை வைப்பது, டைமிங் பார்ப்பது, இவை கருவி வைத்திருக்கிறவர் வேலை. பம்பில் உள்ள சீலைப் பிரித்து, எண்ணெயைக் கூட்டி வைத்து, “இழுவை ஜாஸ்தி ஆயிடுச்சி பாரு” என்று சொல்கிறவர்கள் உண்டு. அன்றைக்கு இழுவை ஜாஸ்திதான். ஆறு மாதம் கழித்து வந்து அவரையே கேளுங்கள்.

புகையைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்கவில்லை, அல்லது என்ஜினுக்கு மீறிய சுமை. நீலப் புகை டீசல் என்ஜினில் வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கும். வெள்ளைப் புகை குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது கொஞ்சம் வந்து நின்றால் பரவாயில்லை. நிற்காமல் வந்தால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது.

கரும்புகையை நான் புகை என்று பார்ப்பதில்லை, ரூபாய் நோட்டு என்று பார்க்கிறேன். பத்துக் குதிரை சக்தி டீசல் என்ஜின் முழு இழுவையில் மணிக்குச் சுமார் இரண்டரை லிட்டர் குடிக்கும். நாலு மணிக்குப் பத்து லிட்டர். இன்ஜெக்டர் கெட்டு, படகின் அடியில் சிப்பியும் பாசியும் பிடித்து, பத்துக்கு ஒன்று கூடுதலாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு லிட்டர். 200 நாளுக்கு 200 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 18,000 ரூபாய். இதற்கு யாரும் பில் கொடுப்பதில்லை. அதனால்தான் இது வலிப்பதில்லை. சென்னையைத் தலைமையிடமாக வைத்து நடந்த வங்காள விரிகுடா மீன்வளத் திட்டம் சிறு படகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைப்பது பற்றி 1986இலேயே ஒரு வெளியீடு கொண்டுவந்தது. அவசரத்தைக் குறைப்பதுதான் இதில் பெரிய சிக்கனம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற படகில், வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடுகிறது. எண்ணெய் மட்டும் இல்லை, என்ஜின் தேய்மானமும் குறைகிறது. மீன் ஏலத்துக்கு முந்த வேண்டும் என்பது எனக்கும் தெரியும். தினமும் முந்த வேண்டுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகுகளைக் கரையேற்றி, பலகை பார்த்து, பெயின்ட் அடித்து, என்ஜின் இறக்குகிற காட்சியைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் ஜூன் முதல் வாரத்தில்தான் மெக்கானிக்கைத் தேடுகிறார்கள். அப்போது கூலியும் ஏறும், கவனமும் குறையும், சாமானும் கிடைக்காது. ஏப்ரல் கடைசியிலேயே பிரித்துப் பார்த்து என்ன சாமான் வேண்டும் என்று எழுதிவிட்டால், அதே வேலை நிதானமாகவும் சகாயமாகவும் நடக்கும். நாலைந்து படகுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் மெக்கானிக்கைக் கரைக்கே வரவழைத்தால் டெம்போ வாடகை மிச்சம். இம்பெல்லர், பிளக், பில்டர் போன்றவற்றை ஒரே மாதிரி என்ஜின் வைத்திருப்பவர்கள் சேர்ந்து வாங்கி ஊரிலேயே ஒரு பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் பொறுக்க முடியாமல் நான் செய்த தப்பு அப்போது நேராது.

பெயின்ட் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அவுட்போர்டின் கீழ்க்காலில் வெளுத்த உலோகக் கட்டி ஒன்று திருகியிருக்கும். அது துத்தநாகம் போன்ற உலோகம். உப்புத் தண்ணீர் என்ஜினை அரிக்காமல், தன்னை அரிக்கக் கொடுத்து மற்றதைக் காப்பது அதன் வேலை. அழகுக்காக அதன் மேலும் சேர்த்துப் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது. கரைந்து பாதியானால் மாற்ற வேண்டும். கரையாமல் புதிதாகவே இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், அதன் பிடிப்பில் துரு இருக்கிறதா என்று சுரண்டிப் பாருங்கள்.

நல்ல மெக்கானிக் எங்கே கிடைக்கிறார் என்று கேட்பீர்கள். இது பழைய கேள்வி. 1952இல் ஒப்பந்தமான இந்திய நார்வே திட்டத்தில் கேரளத்து நீண்டகரையில் படகுகளுக்கு என்ஜின் வைக்க ஆரம்பித்த காலத்திலிருந்தே, என்ஜின் கொடுத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் பட்டறையும் பழகிய ஆளும் வேண்டும் என்பது தெரிந்துதான் இருக்கிறது. நம் பிள்ளைகள் டூவீலர் மெக்கானிக் ஆகிறார்கள், ஏ.சி. மெக்கானிக் ஆகிறார்கள். படகு என்ஜின் பக்கம் வருகிறவர்கள் குறைவு. மத்திய அரசின் சிப்நெட் என்கிற மீன்பிடிப்புப் பயிற்சி நிறுவனம் கொச்சியில் இருக்கிறது; அதற்குச் சென்னையிலும் ஒரு கிளை உண்டு. அங்கே மெரைன் பிட்டர் என்று இரண்டு வருஷப் படிப்பு வைத்திருக்கிறார்கள். பத்தாவது முடித்துவிட்டுச் சும்மா இருக்கிற பையன்கள் அபிஷேகப்பாக்கத்திலும் இருக்கிறார்கள், நல்லவாட்டிலும் இருக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பையன் முறையாகப் படித்து வந்து பட்டறை போட்டால், பில் தானாகக் குறையும். என்னைப் போல அனுபவத்தில் கற்றவர்களுக்கு ஒரு குறை உண்டு. தெரியாததையும் தெரியும் என்று சொல்லிவிடுவோம்.

முடிக்கும் முன், அடிக்கடி கேட்கிற ஒரு சந்தேகம். என்ஜின் கடலில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தபோது நல்லவாட்டில் சிங்கப்பூரிலிருந்து வந்த போன் செய்தியை ஒலிபெருக்கியில் சொல்லி ஜனங்களைக் காப்பாற்றினார்கள். உயிர் தப்பியது. படகும் என்ஜினும் தப்பவில்லை. அப்போது உப்புத் தண்ணீரில் மூழ்கிய என்ஜின்களை எடுத்து வெயிலில் காய வைத்தவர்கள் பலபேர். அது கூடாது. தண்ணீருக்குள் இருக்கும்வரை அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும்தான் வேகமாகத் துருப்பிடிக்கும். ஆகவே எடுத்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிளக்கைக் கழற்றி, உள்ளே உள்ள தண்ணீரை வெளியேற்றுங்கள். தானாகச் சுற்ற மறுத்தால் பலவந்தமாகச் சுற்றாதீர்கள். அன்றைக்கே மெக்கானிக்கிடம் போக முடியாவிட்டால், ஒரு பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, என்ஜினை அதிலேயே மூழ்கப் போட்டு வையுங்கள். விநோதமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி. பிறகு பீப்பாயோடு டெம்போவில் ஏற்றிக் கொண்டு வாருங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் பட்டறைக் கதவைத் தட்டுங்கள்.